கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு?

இருபது வருடங்களுக்கு முன்னால் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராக வேலை பார்த்தேன். நெடுஞ்சாலை ஓரம், பக்கத்தில் ஊர் என்று எதுவும் இல்லாத இடம். ஆண்கள் வார்டில் முப்பது கட்டில். ஒரு நாள் காலையில் அதில் நான்கு பேர்தான் படுத்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவருக்கு மண்ணீரல் வீங்கியிருந்தது. அது கையால் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், புத்தகத்தில் படித்தால் வராது. மாணவர்கள் வரிசையாக வந்து அவர் வயிற்றில் கை வைத்து, "மூச்சை இழுங்க ஐயா" என்றார்கள். பன்னிரண்டோ பதின்மூன்றோ பேர் முடிந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பி, "இன்னும் எத்தனை பேரும்மா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. வரிசையில் இன்னும் இருபது பேர் நின்றார்கள். அவருடைய சட்டையை இறக்கிவிட்டு, மற்றவர்களை அனுப்பிவிட்டேன். அந்த இருபது பேர் வீங்கிய மண்ணீரலைத் தொட்டுப் பார்க்காமலேயே டாக்டர் ஆகியிருப்பார்கள் என்ற நினைப்பு இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

அந்த வார்டு ஏன் காலியாகக் கிடந்தது? டாக்டர்கள் இருந்தார்கள், ஸ்கேன் இருந்தது, படுக்கைக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் வாசலில் பஸ் நிற்காது. கல்லூரியில் போதிய நோயாளிகள் இருக்கிறார்களா என்று பார்க்க ஆய்வுக்குழு வரும் நாள்களில் மட்டும் வேன் வைத்துச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து, சாப்பாடு போட்டுப் படுக்க வைப்பார்கள். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலையை விட்டு வந்துவிட்டேன்.

அதனால்தான் 2021 கடைசியில் ஒரு பல்கலைக்கழகம் புதிய மருத்துவக் கல்லூரிக்கு இடம் பார்க்கும் குழுவில் சேரக் கூப்பிட்டபோது உடனே சரி என்றேன். காவிரிக்கு வடக்கே, மழையை நம்பி வாழும் வட்டாரம். குழுவில் நான்கு பேர்: நான், பல்கலைக்கழகக் கட்டடப் பொறியாளர், நிதி அதிகாரி, அப்புறம் ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர். இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்த வேலை பதினான்கு மாதம் இழுத்தது. அதில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கலாம் என்றுதான் இது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

முதல் நாள் கூட்டத்திலேயே இடம் முடிவான மாதிரிதான் பேச்சு. பல்கலைக்கழகத்துக்கு நெடுஞ்சாலையில், பொறியியல் வளாகத்தை ஒட்டி 40 ஏக்கர் சொந்தமாக இருந்தது. "20 ஏக்கர் ஒரே துண்டாக வேணும்னு விதி இருக்கே, நம்மகிட்ட இரண்டு மடங்கு இருக்கு" என்றார் பொறியாளர். அது பழைய இந்திய மருத்துவக் கவுன்சில் காலத்து விதி. 2020 அக்டோபரில், அதற்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிமுறையிலேயே இத்தனை ஏக்கர் என்ற கணக்கை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகக் கேட்டது வேறு: விண்ணப்பிக்கும்போது குறைந்தது இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் 300 படுக்கை மருத்துவமனை ஒன்று கையில் இருக்க வேண்டும். ஆக, ஆஸ்பத்திரியைக் கட்டி, மக்கள் வந்து, வார்டு நிரம்பிய பிறகுதான் கல்லூரி. இந்த ஒரு மாற்றத்தைப் புரிந்துகொள்ளாமல் இன்னும் எத்தனையோ பேர் ஏக்கரைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். குழுவில் உட்காருகிறவர்கள் நடப்பு விதிமுறையை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் முதல் இடத்தையே பார்க்கப் போக வேண்டும்.

நான் அந்த 40 ஏக்கரைப் பார்க்கப் போனது பஸ்ஸில். காரில் போயிருந்தால் அருமையான இடம் என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். மாவட்டத் தலைநகரிலிருந்து 23 கிலோமீட்டர். கண்டக்டர் அந்த நிறுத்தத்துக்கு டிக்கெட் இல்லை என்றார். அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுத்து இறங்கி, ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தேன். அன்று சாயங்காலம் வரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். அந்த வழியாக நிறைய பஸ் போனது. நின்றது ஒன்பது. கடைசியாக நின்ற பஸ் 6.50-க்கு.

சரி, நோயாளிகள் உண்மையில் எப்படித்தான் வருகிறார்கள் என்று பார்க்க, அந்தப் பகுதித் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எதிரே மூன்று நாள் காலை ஆறரை மணிக்கே போய் நின்றேன். ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றவர்களிடம் நான்கே கேள்வி: எந்த ஊர், எதில் வந்தீர்கள், எவ்வளவு செலவானது, எத்தனை மணிக்குள் திரும்பணும்? நான்காவது கேள்விக்குத்தான் எல்லோரும் நின்று பதில் சொன்னார்கள். ஆட்டைக் கட்டணும், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வந்துவிடும், நூறு நாள் வேலைக்கு இன்று மட்டும் லீவு. ஒரு பெண், கையில் குழந்தையோடு நின்றவர், "பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாங்கம்மா, கடைசிப் பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு தெரியாம எப்படிப் போறது?" என்றார். வியாதியைப் பற்றிய பயத்தை விட அந்தப் பயம்தான் அவர் முகத்தில் பெரிதாகத் தெரிந்தது.

அங்கே இன்னொன்றும் கவனித்தேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வரிசையில் நின்ற பெண்களில் பெரும்பாலானோர் அப்படித்தான் வந்திருந்தார்கள். டவுன் பஸ் தடத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தால், வீட்டில் யாரிடமும் காசு கேட்காமல் ஒரு பெண் தன் மார்பில் உள்ள கட்டியைக் காட்ட வந்துவிட முடியும். நெடுஞ்சாலையில் இருந்தால் புறநகர்ப் பஸ்ஸுக்குக் காசு வேண்டும், அந்தக் காசுக்குக் காரணம் சொல்ல வேண்டும். இந்த வித்தியாசம் எந்த லே-அவுட் படத்திலும் தெரியாது. என்னைக் கேட்டால், இடம் பார்க்கும் குழுவுக்கு முதல் ஆவணம் பட்டா இல்லை, அந்தத் தாலுகாவின் டவுன் பஸ் கால அட்டவணைதான்.

இரண்டாவது இடம் இலவசமாகவே வந்தது. உள்ளூர்ப் பெரிய குடும்பம் ஒன்று 60 ஏக்கர் தானமாகத் தருவதாகச் சொன்னது. நல்ல மனதோடுதான் தந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பட்டா சுத்தம், வில்லங்கம் எதுவும் இல்லை. சித்திரை மாத வெயிலில் போய்ப் பார்த்தோம். தட்டையான, புல் முளைத்த பெரிய வெளி. நிதி அதிகாரி அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். தாசில்தார் சார் மட்டும் ஒன்றும் பேசாமல் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து என் உள்ளங்கையில் போட்டார். மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சின்ன நத்தைக் கூடுகள். "டாக்டரம்மா, இது வயக்காட்டு மண்ணு இல்ல, ஏரி வண்டல்" என்றார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவரிடம் போய்க் கேட்டோம். "இங்கயா ஆஸ்பத்திரி கட்டப் போறீங்க? ஐப்பசி, கார்த்திகைல வந்து பாருங்க சாமி. அந்தப் பனைமரம் தெரியுதா, அதுல இடுப்பு உசரத்துக்கு நிக்கும்." பக்கத்தில் போய்ப் பார்த்தோம். பனையின் அடிமரத்தில் என் இடுப்புக்கு மேலே வரை சேற்றுக் கோடு காய்ந்து ஒட்டியிருந்தது. ஏரியின் உள்வாயை ஒட்டிய பட்டா நிலம் அது. ஏரி நிரம்பினால் தண்ணீர் ஏறி நிற்கும் இடம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குள் வெள்ளம் புகுந்து, மின்சாரம் போய், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த எந்த டாக்டரும் அந்தப் பனைமரத்தைத் தாண்டி ஒரு செங்கல் வைக்கச் சம்மதிக்க மாட்டார். இடத்தை இரண்டு பருவத்தில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால், அங்கேயே வாழ்ந்த ஒருவரிடம் கேட்க வேண்டும். தானம் கொடுத்தவர்களிடம் போய் மறுப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. தாசில்தார் சார்தான் போய்ப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வந்தார்.

மூன்றாவது இடம் யாருக்கும் பிடிக்கவில்லை. தாலுகா தலைநகரின் பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர், ரயில்வே கேட்டைத் தாண்டி, டவுன் பஸ் தடத்தில். 22 ஏக்கர், ஆனால் பத்தொன்பது பட்டாதாரர்கள். விலையும் அதிகம். நடுவில் ஒரு வண்டிப்பாதை போனது. ஜனங்கள் அதில் நடந்துகொண்டிருந்தார்கள், அதனால் அதை மறிக்க முடியாது. கட்டடத்தை அதற்கு இரண்டு பக்கமும் பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

இங்கேதான் தாசில்தார் சாரின் அருமை எனக்கு முழுசாகத் தெரிந்தது. கம்ப்யூட்டரில் வரும் பட்டா, சிட்டாவோடு அவர் நிற்கவில்லை. 1980-களில் நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். பதிவுகளுக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டை ஆவணக் காப்பறையிலிருந்து எடுக்க வைத்தார். அதில் ஒன்றரை ஏக்கர் பஞ்சமி நிலம் என்று இருந்தது. 1892-ல் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கியது, மற்றவர்களுக்கு விற்கவே கூடாதது. இன்றைய பட்டாவில் வேறு பெயர். "இதை வாங்கினா நாளைக்கு வழக்கு வரும்ங்கிறது ஒரு பக்கம். அது அவங்க நிலம், நாம தொடக் கூடாதுங்கிறதுதான் பெரிசு" என்றார். அந்த ஒன்றரை ஏக்கரை விட்டுவிட்டு, விடுதியை வேறு மூலைக்கு மாற்றி, வரைபடத்தைத் திரும்பப் போட்டார்கள். நில ஆவணம் தெரிந்த ஒருவர் குழுவில் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும், பத்திரப் பதிவுக்கு முதல் நாள் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் இந்த வறண்ட பக்கத்து ஆட்கள் கூடக் கோட்டை விடுகிறார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். நூறு படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைக்கு ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 450 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. 600 படுக்கை என்றால் 2,70,000 லிட்டர். விடுதி, குடியிருப்பு எல்லாம் இதற்கு மேல். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் தினமும் 22, 23 லாரி. டயாலிசிஸ் ஒன்றுக்கு மட்டும் ஒருவருக்கு ஒரு தடவைக்கு 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் ஓடும், அதைச் சுத்திகரிக்கும்போது வீணாகப் போவது தனி. நெடுஞ்சாலை நிலத்தில் போட்ட மூன்று போர்வெல்லிலும் தண்ணீர் வந்தது. ஆனால் ஒரு டம்ளர் வாயில் வைத்ததுமே கரிப்பு. மூன்றாவது இடத்தில் போர்த் தண்ணீர் சுமார்தான், ஆனால் நகராட்சியின் கூட்டுக் குடிநீர்க் குழாய் சாலை வரை வந்திருந்தது. கழிவையும் சேர்த்து யோசியுங்கள்: மருத்துவக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் அங்கேதான் கொடுக்க வேண்டும். எங்கே இருக்கிறது என்று முதலிலேயே போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

இதற்கு நடுவில் மற்ற ஊர்களில் என்ன செய்திருக்கிறார்கள் என்று நிறைய அலசினோம். வேலூரில் ஐடா ஸ்கடர் ஆரம்பித்த சி.எம்.சி.யில் மருத்துவமனை ஊருக்கு நடுவே, கல்லூரி சில கிலோமீட்டர் தள்ளிப் பாகாயத்தில். படிக்கிறவர்கள்தான் நோயாளி இருக்கும் இடத்துக்குப் பஸ்ஸில் போனார்கள். தஞ்சாவூரில் கல்லூரி ஊருக்கு வெளியே போனாலும், பிரசவமும் குழந்தைகள் பிரிவும் இன்றும் ஊருக்குள் ராசா மிராசுதார் மருத்துவமனையில்தான். நிறைமாதக் கர்ப்பிணி எங்கே வர முடியுமோ அங்கே அதை விட்டு வைத்திருக்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1985-ல் தன் வளாகத்திலேயே, சிதம்பரத்தில், மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. பின்னால் அதுவே கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. ஒரு பல்கலைக்கழகம் தன் வசதிக்காகத் தேர்ந்தெடுத்த இடம் முப்பத்தைந்து வருடம் கழித்து ஒரு மாவட்டத்துக்கே விதியாகிவிடுகிறது. மதுரை எய்ம்ஸையும் பேசினோம். 2015 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தோப்பூர், செங்கிப்பட்டி, பெருந்துறை, புதுக்கோட்டை, செங்கல்பட்டு என்று ஐந்து இடம் பார்த்து, தோப்பூர் என்று முடிவானது 2018 ஜூனில். 2022-ல் முதல் ஐம்பது மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் படிப்பை ஆரம்பித்தார்கள். அந்த ராமநாதபுரம் கல்லூரியே அதே வருடம் ஜனவரி 12 அன்று திறந்த பதினோரு அரசுக் கல்லூரிகளில் ஒன்று. எங்கள் பக்கமும் அப்படி ஒன்று வந்திருந்தது. அதைப் பார்த்ததும், எந்தத் திசை மக்கள் அங்கே போவார்கள், எந்தத் திசைக்கு இன்னும் யாருமே இல்லை என்று தாலுகா வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டோம். யாருமே இல்லாத பக்கம் மூன்றாவது இடத்தின் பக்கமாக இருந்தது.

கடைசிக் கூட்டத்தில் நிதி அதிகாரி நியாயமாகத்தான் பேசினார். சொந்த நிலம் இருக்கும்போது இத்தனை கோடி கொடுத்து வாங்கணுமா என்றார். நான் ஒரே கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். 150 எம்.பி.பி.எஸ். இடம் உள்ள கல்லூரிக்குப் புறநோயாளிகள் தினமும் 1,200 பேர் வரணும். ஒரு பஸ்ஸுக்கு 15 பேர் ஆஸ்பத்திரிக்கென்று இறங்கினாலும் 80 பஸ் நிற்கணும். அங்கே நின்றது ஒன்பது. வேன் விடலாமே என்றார் பொறியாளர். அப்போதுதான் அந்த மண்ணீரல் பெரியவரைப் பற்றியும், ஆய்வு நாளுக்கு வேனில் கூட்டி வந்தவர்களைப் பற்றியும் சொன்னேன். குரல் உடைந்துவிட்டது. யாரும் உடனே பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிதி அதிகாரி, "அந்த ஒன்பது பஸ்ஸை நீங்களே உட்கார்ந்து எண்ணினீங்களா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த வாரம் அவரும் போய் எண்ணிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் எதிர்க்கவில்லை.

2023 ஆகஸ்டில் புதிய விதிமுறை வந்தபோது இன்னொரு பேச்சு கிளம்பியது. வளாகம் இரண்டு துண்டாக இருக்கலாம், இடையே பயணம் அரைமணி நேரத்துக்குள் இருக்கணும் என்று அதில் இருந்தது. அப்படியானால் கல்லூரி நெடுஞ்சாலையில், ஆஸ்பத்திரி ஊரில் என்று வைக்கலாமே? காலை எட்டு மணிக்கு மூன்று நாள் வண்டியில் போய்ப் பார்த்தேன். ஒரு நாள் கூட 38 நிமிடத்துக்குக் குறையவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பத்து லட்சம் பேருக்கு நூறு எம்.பி.பி.எஸ். இடம் என்ற கட்டுப்பாடும் அதே சமயம் வந்து, தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பு கிளம்பி, நவம்பரில் தள்ளிப்போனது. இப்படி விதி மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் நல்ல ஆஸ்பத்திரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் எந்த விதி வந்தாலும் கையில் ஒன்று மிஞ்சும். கல்லூரி வராமலே போனாலும் அந்தத் தாலுகாவுக்கு ஓர் ஆஸ்பத்திரி கிடைத்திருக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

ஆஸ்பத்திரி திறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த பிறகு அறுவை சிகிச்சை வார்டு நன்றாக நிரம்பியிருக்கிறது. மருத்துவ வார்டு திங்கள், செவ்வாயில் நிரம்புகிறது, சனிக்கிழமை இளைத்துவிடுகிறது. போக்குவரத்துக் கழகத்துக்கு மனுக் கொடுத்து இரவு 8.40-க்கு ஒரு டவுன் பஸ் வாங்கினோம். அந்த நேரத்தை ஓ.பி. ஹாலில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொன்னேன்.

நாங்கள் சரியாக யோசிக்காமல் விட்டது ரயில்வே கேட். வாங்கும்போது பகலில் ஓரிரு தடவை நின்று பார்த்தோம், ஐந்து நிமிடத்தில் திறந்துவிட்டது. இரவில் சரக்கு ரயில்கள் வரிசையாக வரும் என்று கேட் கீப்பரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போன மாசி மாதம் ரத்தப்போக்கோடு வந்த ஒரு பெண்ணின் 108 வண்டி அந்தப் பக்கம் பதினேழு நிமிடம் நின்றது. நல்லவேளை, தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து இரவுப் பணி செக்யூரிட்டியிடம் ஒரு நோட்டுக் கொடுத்து, கேட் மூடும் நேரம், திறக்கும் நேரம் இரண்டையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். சுரங்கப்பாதை கேட்டு ரயில்வேக்குப் போகும் மனுவில் அந்த நோட்டின் நகலையும் இணைக்க வேண்டும். இன்னும் இரண்டு மாதக் கணக்கு சேர்ந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதாக இருக்கிறேன்.